புதுக்கடைக்காரி அளந்த எண்

ஆய்வேட்டின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை நெறியாளர் வைகுண்டராஜன் முதன்முதலாகப் படித்தது, பொது வாய்மொழித் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு. ஆனால் எட்டு மாதத்துக்கு முன்பே, 'இது என் நேரடி வழிகாட்டுதலில் நடந்த ஆய்வு' என்று அதே ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டிருந்தார். நாகர்கோவிலில் ஒரு கல்யாண மண்டபம். பந்திக்குக் காத்திருந்த நேரம். ஆய்வு மாணவி ரெஜிலா நீட்டிய நான்கு பிரதிகளையும் தொடைமேல் வைத்து, அட்டையைக்கூடப் பார்க்காமல் கிறுக்கித் தள்ளிவிட்டு இலைக்கு எழுந்து போனார்.

இப்போது ஆய்வு மையத்துத் தன் அறையில், அந்தப் பக்கத்தில் விரலைக் குத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே நின்ற ரெஜிலாவை உட்காரச் சொல்லவில்லை.

"இது என்னா படம்?"

"ரெண்டாயிரத்துப் பதினஞ்சுல நான் போட்ட கிராஃப் சார்."

"அது அப்பவே தள்ளுனதில்லா?"

"நீங்க தள்ளுனிய. படம் எங்கயும் போகல்ல."

"வெளிய நிக்க பிள்ளையளுக்குக் கேக்கணும்னு சத்தமாப் பேசுகியோ?" அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "ஒரு பிழைதிருத்தத் தாள் அடி. பக்கம் நூத்திப் பன்னிரண்டு நீக்கப்படுகிறதுன்னு ஒரு வரி போதும். இல்லேன்னா வைவா அன்னைக்கி என் வாய அடைக்க முடியாது, கேட்டியா?"

"அடைக்காண்டாம் சார். நீங்க பேசுங்க. நானும் பேசுகேன்."

அவள் வெளியே வந்தபோது வராந்தாவில் ஆதிரா நின்றிருந்தாள். அதே ஆய்வு மையத்தில் நான்கு ஆண்டுகளாக இருக்கும் ஆய்வு மாணவி, சாருக்குச் செல்லம். "என்னக்கா, சார் வாழ்த்துச் சொன்னாரா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனாள்.

ரெஜிலாவுக்கு வயது முப்பத்தொன்பது. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்த சுந்தரராஜின் ஒரே மகள். புதுக்கடையில் பிறந்து, புதுக்கடையிலேயே பெயிண்டுக் கடை வைத்திருக்கும் எபிசனைக் கட்டிக்கொண்டு, குழித்துறைப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் பதினான்கு ஆண்டுகளாக இயற்பியல் நடத்துகிறவள். அந்தக் கல்லூரி பிப்ரவரியில் அவளுக்கு ஒரு கடிதம் கொடுத்திருந்தது. மே முப்பத்தொன்றுக்குள் முனைவர் பட்டம் இல்லையென்றால், வரும் கல்வியாண்டில் பணி நீட்டிப்பு இல்லை. இப்போது மே இருபது. வாய்மொழித் தேர்வு இருபத்திரண்டு. அன்றைக்கு அறிக்கையில் 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று விழுந்தால் வேலை இருக்கும். 'திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கவும்' என்று விழுந்தால் ஆறு மாதம் தள்ளும், வேலை இருக்காது.

அந்த வரைபடத்தை நீக்கிவிட்டால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். ஆனால் அவள் பத்து ஆண்டுகளாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததே அந்தப் படத்துக்காகத்தான்.

ஜெனீவாவுக்குப் பக்கத்தில் பூமிக்கடியில் புரோட்டான்களை நேருக்கு நேர் மோதவிடுகிறார்கள். அந்த மோதலில் சிலசமயம் சார்ம் என்ற கனமான குவார்க் பிறக்கும். எந்தக் குவார்க்கும் தனியாக நிற்க முடியாது. பிறந்த மாத்திரத்தில் பக்கத்தில் கிடைத்ததோடு ஒட்டிக்கொண்டு ஹேட்ரான் என்ற கூட்டுத்துகளாகிவிடும். ஓர் எதிர்க்குவார்க்கோடு சேர்ந்தால் டி-மெசான். வேறு இரண்டு குவார்க்குகளோடு சேர்ந்தால் லாம்டா-சி என்ற பேரியான். இரண்டுமே ஒரு மில்லிமீட்டர்கூடப் போவது அபூர்வம். அதற்குள் உடைந்து சிதறிவிடும். சிதறிய துண்டுகளின் தடங்களைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போய்த்தான் அங்கே பிறந்தது எது என்று சொல்ல வேண்டும். ரெஜிலாவின் வேலை அதுதான். அந்த மையத்துக்கு ஜெனீவாக் கூட்டாய்வில் ஒரு சின்ன இடம் இருந்தது. சனி, ஞாயிறுகளில் நாகர்கோவிலுக்கு பஸ் ஏறி, அங்கிருந்த கணினியில் கோடிக்கணக்கான மோதல்களைச் சலித்துக்கொண்டிருப்பாள்.

எபிசனுக்கு இதை ஒருமுறை விளக்கினாள். அவன் தின்னர் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னான்: "அப்ப உன் குவார்க்குக்கும் நம்ம ஊருப் பொம்பளப் பிள்ளையளுக்கும் ஒரே விதிதான். தனியா நிக்க விடமாட்டானுவ."

எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் மோதவிட்ட பழைய சோதனைகளில், மின்னூட்டமில்லாத டி-மெசான் பத்து பிறந்தால் லாம்டா-சி ஏறக்குறைய ஒன்று பிறந்தது. சார்ம் குவார்க் எங்கே பிறந்தாலும் இந்த விகிதம் மாறாது என்று துறையில் அநேகமாக எல்லாருமே எடுத்துக்கொண்டார்கள். 2015 மே மாதம் ரெஜிலாவின் திரையில் வந்தது ஒன்றல்ல. பத்துக்கு ஆறரை.

அவள் பயந்துபோனாள். பிறகு யோசித்தாள். எலக்ட்ரான் மோதலில் சார்ம் குவார்க் பிறப்பது ஆளில்லாத ரோட்டில். புரோட்டான் மோதலில் பிறப்பதோ வாவுபலித் திருவிழாக் கூட்டத்துக் குழித்துறையில். சுற்றி அத்தனை குவார்க்குகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்க, ஒன்றுக்குப் பதில் இரண்டு துணை சிக்குவதில் என்ன அதிசயம்? இதை அந்த வாரக் கூட்டத்தில் எழுந்து சொன்னாள்.

வைகுண்டராஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பது வருசமா உலகம் அளந்த எண்ண, புதுக்கடைக்காரி மாத்தப் போறாளாக்கும்."

அறையில் இருந்த ஆறு பேரும் சிரித்தார்கள். ஆறு பேருடைய பெயரையும் அவளால் இன்றைக்கும் வரிசையாகச் சொல்ல முடியும்.

மூன்று ஆண்டு கழித்து, வேறு நாட்டுக் குழுவினர் அதே விகிதத்தை அளந்து வெளியிட்டார்கள். பத்துக்கு ஐந்தரைக்குக் கொஞ்சம் குறைவு. பழைய எண்ணைப்போல ஐந்து மடங்குக்கு மேல். பழைய நம்பிக்கை ஆட்டம் கண்டது. காரணம் என்ன என்று கோட்பாட்டாளர்கள் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். ரெஜிலா அந்தக் கட்டுரையை அச்செடுத்து, நெறியாளரின் மேசையில் கண்ணாடிக்கு அடியில் செருகிவிட்டு வந்தாள். அதற்கு அவர் கொடுத்த பதில், அவளுடைய ஆய்வுத் தலைப்பை மாற்றியதுதான். பிறகு இன்னொரு முறை மாற்றினார். நடுவில் பதிவு காலாவதியாகி, மறுபதிவு செய்ய வேண்டியிருந்தது. விட்டுவிட்டுப் போய்விடுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் போகவில்லை. புதிய தலைப்பில் ஐந்து அத்தியாயம் எழுதிக்கொடுத்து, நான்காவதன் கடைசியில் அந்தப் பழைய படத்தை, 2015 என்ற தேதியோடு, ஒட்டவைத்தாள்.

தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானம். படம் மங்கலாக அச்சாகியிருந்ததால், திரையில் காட்டத் தெளிவாக ஒன்று எடுக்கலாமென்று, கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மடிக்கணினியில் பழைய நிரலைத் திறந்தாள். மையத்தில் எல்லாரும் ஒரே நிரலைத்தான் ஓட்டுவார்கள். முன்னால் இருந்தவர் எழுதியதைப் பின்னால் வருகிறவர் நகலெடுத்துக்கொள்வதே அங்கே வழக்கம்.

நாற்பத்தேழாம் வரியில் கண் நின்றது. 0.05.

நூறு லாம்டா-சி பிறந்தால் நூறையும் பிடிக்க முடியாது. புரோட்டான், கேயான், பையான் என்று மூன்றாக உடைகிறவற்றைத்தான் அவளால் பிடிக்க முடிந்தது. அப்படி உடைகிறவை நூற்றில் எத்தனை என்பதை அட்டவணையில் பார்த்து, பிடித்ததைப் பெருக்கி, பிறந்ததைக் கணக்கிட வேண்டும். பழைய அட்டவணையில் அது நூற்றுக்கு ஐந்து. அவள் வேலை செய்துகொண்டிருந்த நாட்களிலேயே வெளிநாட்டில் அதை மறுபடி துல்லியமாக அளந்துவிட்டார்கள். நூற்றுக்கு ஆறுக்கு மேல். அட்டவணை மாறிவிட்டது. நிரலில் அந்த வரி மாறவில்லை.

ஐந்து என்றால் இருபதால் பெருக்க வேண்டும். ஆறேகால் என்றால் பதினாறால்தான். விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். ஆறரை, ஐந்தேகாலுக்கும் சற்றுக் கீழே இறங்கியது. வெளிநாட்டுக்காரர்களின் எண்ணுக்குப் பக்கத்தில்.

அவர்களுடைய எண்ணுக்கும் தன்னுடையதற்கும் இருந்த இடைவெளிக்கு, தன் தரவு குறைவு என்று ஏழு ஆண்டுகளாக ஒரு சமாதானம் வைத்திருந்தாள். 2015 கூட்டத்தில் சிரிப்பு அடங்கியதும் வைகுண்டராஜன் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: "எங்கயோ தப்பு இருக்கு, போய்ப் பாரு." அவர் சொன்னார் என்பதற்காகவே அவள் பார்க்கவில்லை. சொன்ன அவரும் பார்க்கவில்லை.

"என்னா, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றான் எபிசன்.

அவள் சொன்னாள். அவன் புரிந்துகொண்ட அளவுக்குப் புரிந்துகொண்டான்.

"அந்தாளுக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"நாளைக்கி தேர்வு நடத்த வாற அம்மாவுக்கு?"

"தெரிஞ்சிருந்தா ரிப்போர்ட்டுல எழுதியிருப்பா."

"அப்ப நீ எதுக்கு ஏட்டி தெரிஞ்சு வச்சிருக்க? மூடு அந்தக் கம்ப்யூட்டர. நூறு பேருக்குப் பிரியாணி சொல்லியாச்சு."

"எண் தப்பு."

"அப்ப நீ சண்ட போட்டது?"

"அது சரிதான். ஆனா எண் தப்பு."

"பட்டம் வாங்கிட்டு அடுத்த மாசம் தப்புன்னு சொல்லு. யாரு வேண்டாம்னா?" அவன் குரலை உயர்த்தினான். "பன்னிரண்டு வருசமா சனி, ஞாயிறு நான் ஒத்தைக்குப் பிள்ளையள வளத்துட்டு இருக்கேன். எனக்கும் ஒரு கணக்கு உண்டு, பாத்துக்க!"

வாடிக்கையாளர் ஒருவர் வந்து நின்றதால் பேச்சு அத்தோடு அறுந்தது. நாற்பத்தேழாம் வரியைத் திருத்தி, படத்தை மறுபடி ஓட்டி, தனியாக ஒரு கோப்பில் சேமித்தாள். காட்டுவதா, வேண்டாமா என்று அப்போது தீர்மானிக்கவில்லை.

மறுநாள் பத்தரை மணி. பொது வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்பது விதி. தானாக யாரும் வரமாட்டார்கள் என்பது நடைமுறை. எனவே இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவர்கள் அறுபது பேரை வகுப்பிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்து உட்காரவைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு லட்டும் ஒரு மிக்சர் பொட்டலமும் கொடுத்து, வருகைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். கேள்வி கேட்க வேண்டியவர்களுக்கு வைகுண்டராஜன் வழக்கம்போலத் துண்டுச் சீட்டில் கேள்விகளை எழுதிக் கொடுத்திருந்தார். மற்றவர்களின் தேர்வில் இனிப்பான கேள்விகளாக இருக்கும். இன்றைய சீட்டுகளை ஆதிராவின் கையில் கண்டபோதே ரெஜிலாவுக்கு அவற்றின் காரம் தெரிந்தது.

ஆனால் தேநீர் நேரத்தில் காற்று திசை மாறியது. கோட்டயத்திலிருந்து வந்திருந்த வெளித் தேர்வாளர் பேராசிரியர் ஓமனா, கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மலையாளம் கலந்த தமிழில் நெறியாளரிடம் பாராட்டினார்: "நூத்திப் பன்னிரண்டாம் பக்கம் கொள்ளாம் கேட்டோ. இந்தப் புத்தகத்தில் ஏற்றவும் நல்ல பக்கம் அதுதான். பதினஞ்சில் இது கையில் இருந்ததா? பின்னே எந்தா வெளியிடாதது?"

வைகுண்டராஜன் ஒரு மிடறு தேநீரை நிதானமாக விழுங்கினார். ரெஜிலா நாலடி தள்ளி நின்று அதைப் பார்த்தாள்.

மேடையேறி ஒலிவாங்கியைப் பிடித்த வைகுண்டராஜன், வரவேற்புரையிலேயே ஆரம்பித்துவிட்டார். "சார்ம் குவார்க் பேரியானாகும் விகிதம், எலக்ட்ரான் மோதலில் ஒன்று, புரோட்டான் மோதலில் வேறு. உலகம் இதை ரெண்டாயிரத்துப் பதினெட்டில் கண்டது. இந்த ஆய்வு மையம் ரெண்டாயிரத்துப் பதினைந்திலேயே கண்டுவிட்டது. அன்றைக்கு நான்தான் இந்த மாணவியிடம் சொன்னேன்: தைரியமாக எழுது, எண்ணை நம்பு. அந்த எண்ணுக்கு நான் பொறுப்பு!"

மிக்சர் மென்றுகொண்டிருந்த அறுபது பேரும் கைதட்டினார்கள். ஆதிரா தன் கையிலிருந்த சீட்டுகளைக் குழப்பத்தோடு புரட்டினாள்.

ரெஜிலா மேடையேறினாள். நாற்பது நிமிடம் பேசினாள். என்ன பேசினாள் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கான இடம் வந்தது. பேசாமல் கடந்துபோனால் வேலை மிஞ்சும். அந்த எண் இந்த மனிதரின் பெயரில் ஊரெல்லாம் சுற்றும். சொன்னால் தேர்வாளர் என்ன எழுதுவார் என்று தெரியாது. நேர்மைதான் அவளைப் பேசவைத்தது என்று யாராவது சொன்னால், அதை அவளே நம்பமாட்டாள்.

"சார் பொறுப்பு ஏத்துக்கிட்ட எண் இது," என்றாள். "பத்துக்கு ஆறரை. இது தப்பு."

மிக்சர்ப் பொட்டலங்களின் சத்தம் நின்றது.

பழைய அட்டவணை, நாற்பத்தேழாம் வரி, இருபதுக்குப் பதில் பதினாறு என்று எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதினாள். பிறகு புதிய படத்தைத் திரையில் போட்டாள். "சரியான எண் ஐந்தேகாலுக்குச் சற்றுக் குறைவு. பழைய ஒன்றைவிட இப்பவும் ஐந்து மடங்குதான். முடிவு நிக்குது. எண் நிக்கல்ல. பத்து வருசமா நான் இந்த வரியத் திறந்து பாக்கல்ல."

வைகுண்டராஜன் எழுந்துவிட்டார். "இதத்தான் நான் அன்னைக்கே..." என்று ஆரம்பித்து, ஐம்பது நிமிடத்துக்கு முன் அதே ஒலிவாங்கியில் சொன்னது நினைவுக்கு வந்து, பாதியில் நின்றார்.

"நீங்க அன்னைக்கே என்ன சொன்னிய சார்?" என்று ரெஜிலா மேடையிலிருந்தே கேட்டாள். "எண்ண நம்புன்னா, தப்பு இருக்குன்னா? எது சொன்னியன்னு சொல்லுங்க. அறிக்கையில எழுதணும்."

"ஏம்மா, கொழுப்பா?"

"போதும்," என்றார் ஓமனா. அவர் முகத்திலும் சிரிப்பில்லை. "ரெண்டு பேரும் இரியுங்கோ." ஆய்வேட்டைப் புரட்டினார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் தன் கையால் 'மிக நன்று' என்று எழுதியிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்தார். "இது எனிக்கும் நாணக்கேடு. நானும் பார்த்தில்லல்லோ." பிறகு அடுக்கடுக்காகக் கேள்விகள். திறன் திருத்தம் எப்படி, பின்னணியை எப்படிக் கழித்தாய், மீதி அத்தியாயங்களில் இந்த வரி எங்கெல்லாம் ஓடியிருக்கிறது. ஐம்பது நிமிடம் ஒரு தயவும் இல்லை. மற்ற நான்கு அத்தியாயங்களும் டி-மெசானைப் பற்றியவை. நாற்பத்தேழாம் வரி அங்கே வராது. அதை ரெஜிலா வரிவரியாக நிரூபிக்க வேண்டியிருந்தது. வேர்வையில் ரவிக்கை முதுகோடு ஒட்டியது.

ஒன்றரை மணிக்கு ஓமனா அறிக்கையை எழுதினார். ஒரு பக்கம் மாற்றி, தவறு எப்படி நேர்ந்தது என்று அரைப்பக்கம் சேர்த்து, ஒரு வாரத்துக்குள் தனக்கு நேரே அனுப்ப வேண்டும். அதற்கு உட்பட்டு, பட்டத்துக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம்.

வைகுண்டராஜன் அறிக்கையை இரண்டு முறை படித்தார். இந்த முறை ஒவ்வொரு எழுத்தாக. "'நெறியாளர் பொறுப்பேற்ற எண்' அப்படின்னு ஒரு வாசகம் இருக்கு. அதை எடுத்தா ஒப்பு இடுகேன்."

"நீங்க மைக்கில் சொன்னது," என்றார் ஓமனா.

"பேச்சுக்குச் சொல்லுகதுதான்!"

"சார்," என்றாள் ரெஜிலா, "அறுபது பிள்ளையளும் பசியில இருக்கு. நீங்க ஒப்பிட்டாத்தான் பிரியாணிச் செம்பைத் திறப்பாவ. உங்க இஷ்டம்."

பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். அவர் பேனாவை அழுத்திய அழுத்தில் தாள் இரண்டிடத்தில் கிழிந்தது.

பொன்னாடைக்கும் புகைப்படத்துக்கும் அவர் நிற்கவில்லை. ஆனால் சாப்பாட்டுக்கு வந்தார்; பந்தியின் ஓர் ஓரத்தில் தனியாக உட்கார்ந்தார். எபிசன்தான் அவருக்குப் பரிமாறினான். இறைச்சித் துண்டு ஒன்றுகூட இல்லாமல், பார்த்துப் பார்த்து, சோற்றை மட்டும் வைத்தான்.

ரெஜிலா கை கழுவப் போனபோது ஆதிரா பின்னாலேயே வந்தாள். காலையிலிருந்த மிதப்பு அவள் முகத்தில் இல்லை.

"அக்கா, அந்த நாப்பத்தேழாம் வரி... என் புரோகிராமும் மையத்துல எடுத்ததுதான்."

"தெரியும்."

"போன மாசம் மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பியாச்சு. லாம்டா-சிதான். அச்சுக்கும் போயிருக்கும்."

"அனுப்புகதுக்கு முன்ன திறந்து பாத்தியா?"

"சார் சரின்னாரு."

"அப்ப சார்கிட்டயே கேளு. கட்டுரையில முதல் பேரு அவருடையதில்லா?"

ஆதிரா வேறு வழியில்லாமல் பந்தி வரிசை வழியாக நடந்துபோய், வைகுண்டராஜனின் காதருகே குனிந்தாள். அவர் உருட்டிய சோற்றுருண்டை பாதி வழியில் நின்றது. தலை தூக்கி, கூடத்தின் மறுகோடியில் நின்ற ரெஜிலாவைப் பார்த்தார்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.